தடுப்பூசி வாரத்தில் வெண்பன்றித் தீவனத்தில் என்ன சேர்ப்பது, எந்த நாளில் தொடங்குவது?

ராசிபுரம்_வெண்பன்றி

வணக்கம். கொட்டகையில் 60 வளர்பன்றிகள், சராசரி 28 கிலோ. அடுத்த வாரம் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி, மூன்று வாரம் கழித்துக் கோமாரி. ஊசி போட்டால் இரண்டு நாளைக்குத் தொட்டியில் பாதித் தீவனம் அப்படியே கிடக்கிறது. சில உருப்படிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. தீவனத்தில் எதையாவது கலந்து இதைக் குறைக்க முடியுமா? கடையில் ‘ஸ்ட்ரெஸ் பவுடர்’ என்று ஏழெட்டு விதம் வைத்திருக்கிறார்கள், எதை வாங்குவது என்று தெரியவில்லை.

என் கலவை, 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 55, சோயா பிண்ணாக்கு 22, கோதுமைத் தவிடு 15, கடலைப் பிண்ணாக்கு 5, மீதி தாது உப்பும் கறியுப்பும். நிப்பிள் தண்ணீர், மேல்நிலைத் தொட்டி 500 லிட்டர்.

கால்நடை_மருத்துவர்_திருச்சி

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊசி போடும் நாளில் பன்றிக்கு இரண்டு வெவ்வேறு அழுத்தங்கள் வருகின்றன.

ஒன்று, துரத்திப் பிடிப்பதால் வருவது. கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே ஏறி, விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பன்றிக்கு வியர்த்து உடம்பு ஆறும் வழி கிடையாது. அதனால் பதினொரு மணி வெயிலில் ஓடவிட்டால் அந்தச் சூடே ஆளைச் சாய்த்துவிடும். ‘ஊசி போட்டதும் செத்துவிட்டது’ என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் துரத்தலும் வெயிலும் செய்த வேலை.

இரண்டாவது, தடுப்பூசியே உண்டாக்குவது. மருந்தை உடம்பு அந்நியப் பொருளாக அடையாளம் கண்டதும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6, டிஎன்எஃப் ஆல்ஃபா என்னும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கும். இவை மூளையில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருள் உருவாகத் தூண்டி, வெப்பநிலையை ஏற்றி, பசியை அடக்கும். இது ஆறு மணி நேரத்துக்கு மேல் தலைகாட்டி, 24 மணி அளவில் உச்சத்துக்குப் போய், 48 மணிக்குள் தணிய வேண்டும். இந்தச் சமயத்தில் உடம்பு தசைப் புரதத்தை உடைத்து எதிர்ப்புப் புரதங்களைக் கட்டுகிறது. எடை நின்றுபோவதற்குக் காரணம் தின்னாதது மட்டுமில்லை, இதுவும்தான்.

முதல் அழுத்தத்துக்குத் தீவனச் சேர்மானம் பெரிதாக எதுவும் செய்யாது. அதை நேரமும் பிடிக்கும் முறையும்தான் தீர்க்கும். சேர்மானங்களுக்கு வேலை இரண்டாவதில்தான். எண்ணெய் கலந்த கோமாரித் தடுப்பூசி, வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்ட பன்றிக்காய்ச்சல் தடுப்பூசியைவிட அதிக வலியும் காய்ச்சலும் தரும், ஆகவே உங்கள் செலவைக் கோமாரி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீவனக்கலவை_ஈரோடு

டாக்டர் சொன்னதை ஒட்டி ஒரு விஷயம் வருகிறது. 24 மணியில் பசி அடங்குகிறது என்றால், அன்று தீவனத்தில் கலந்தது எப்படி வயிற்றுக்குள் போகும்? 1.4 கிலோ தின்னும் பன்றி 700 கிராம் தின்றால் சேர்மானமும் பாதிதான் போகும். அதிலும் மூலையில் படுத்திருப்பது, அதாவது உண்மையில் தேவைப்படுவது, ஒன்றுமே தின்னாது. ஊசி போடும் காலையில் பவுடரைத் தூவுவது காசைத் தொட்டியில் கொட்டுவதுதான்.

அதனால் கணக்கு இப்படி: தீவனத்தில் ஐந்து நாள் முன்பே தொடங்கி, ஊசி நாளும் சேர்த்து, பின் மூன்று நாள் வரை. ஊசி நாளிலும் மறுநாளும் தண்ணீர் வழியாகத் தனியே கொடுக்க வேண்டும். காய்ச்சல் பன்றி தின்னாவிட்டாலும் குடிக்கும்.

60 உருப்படி × 1.4 கிலோ = நாளுக்கு 84 கிலோ. ஒன்பது நாளைக்கு 756 கிலோ. 100 கிலோ தீவனத்துக்கு:

வைட்டமின் ஈ 50 சதவீதப் பவுடர் 20 கிராம். கிராமுக்கு 500 ஐயூ (சர்வதேச அலகு) என்பதால் கிலோ தீவனத்துக்கு 100 ஐயூ வரும். வழக்கமான தேவை 11 முதல் 16 ஐயூதான். காய்ச்சலில் வெள்ளணுக்கள் தங்கள் சவ்வைக் காத்துக்கொள்ள இதை வேகமாகச் செலவழிக்கும். வைட்டமின் ஈ திசுக்களில் மெல்லத்தான் சேரும், ஐந்து நாள் முன்னோட்டம் முக்கியமாக இதற்காகத்தான்.

பூச்சிட்ட வைட்டமின் சி, சுத்தக் கணக்கில் 20 கிராம். 35 சதவீத பாஸ்பேட் வகை என்றால் 57 கிராம். பூச்சில்லாத சாதாரண அஸ்கார்பிக் அமிலத்தைத் தீவனத்தில் கலந்தால் தாது உப்பிலுள்ள செம்பும் இரும்பும் அதைச் சில நாளில் தீர்த்துவிடும்.

பீட்டைன் 100 முதல் 125 கிராம். செல்லுக்குள் நீரைப் பிடித்துவைப்பது இதன் வேலை. வெயில் காலத்தில் பயன் கண்ணுக்குத் தெரியும், மார்கழியில் விட்டுவிடலாம்.

செலினியத்தைத் தொடாதீர்கள். தாது உப்புப் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் வந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சிட்டிகை வேண்டாம். தேவைக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. 5 மில்லிகிராமைத் தாண்டினால் முடி கொட்டும், குளம்பு வெடிக்கும்.

டிரிப்டோபான் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். மூளையில் செரட்டோனின் ஆகும் அமினோ அமிலம், பன்றியை அமைதிப்படுத்தும். உண்மைதான். லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் அளவில் 22 சதவீதம் இருந்தால் பலன் உண்டு. ஆனால் உங்கள் கலவையை உத்தேசமாகக் கணக்குப் போட்டால், செரிக்கும் டிரிப்டோபான் 0.2 சதவீதம், லைசின் 0.8 பக்கம். விகிதம் ஏற்கெனவே 25. உங்களிடம் குறைவது லைசின்: இந்த எடைக்கு 0.98 வேண்டும். 100 கிலோவுக்கு 200 கிராம் லைசின் ஹைட்ரோகுளோரைடு சேருங்கள், விகிதம் 21-இல் நிற்கும், போதும். சோயாவைக் குறைத்துச் செயற்கை லைசினால் ஈடுகட்டும் தீவனத்துக்குத்தான் டிரிப்டோபான் தேவைப்படும். அங்கே 100 கிலோவுக்கு 45 கிராம் போடலாம்.

கலக்கும் விதம்: 20 கிராம் பவுடரை நேரே 100 கிலோவில் கொட்டினால் ஒரு பன்றிக்கு எல்லாம், பத்துக்கு ஒன்றுமில்லை. முதலில் அரைத்த சோளமாவு அரைக் கிலோவில், அதை 5 கிலோவில், பிறகு மொத்தத்தில். மண்வெட்டியால் கலப்பவர்கள் குவியலை நான்கு தடவையாவது இடம் மாற்றிப் புரட்ட வேண்டும். கோலின் குளோரைடும் வைட்டமினும் ஒரே பையில் வேண்டாம். கோலின் ஈரத்தை இழுத்து வைட்டமினைக் கெடுத்துவிடும்.

ராசிபுரம்_வெண்பன்றி

அண்ணா, ரொம்ப நன்றி. தண்ணீரில் என்ன, எவ்வளவு என்றும் சொல்லிவிடுங்கள்.

தீவனக்கலவை_ஈரோடு

காலையில் வைட்டமின் சி, லிட்டருக்கு 200 மில்லிகிராம். மாலையில் உப்புக் கரைசல். இரண்டையும் ஒன்றாகக் கரைக்கக் கூடாது. கரைசலில் உள்ள சமையல் சோடா தண்ணீரைக் காரமாக்கும், காரத்தில் வைட்டமின் சி நிற்காது. போர் தண்ணீரில் இரும்பு அதிகம் என்றால் சுத்தமான அஸ்கார்பிக் அமிலம் சில மணி நேரத்தில் பழுப்பாகும், ஆகவே மூன்று நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவே கரைக்கவும். 28 கிலோ பன்றி நாளுக்கு 3 முதல் 4 லிட்டர், வெயிலில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். 60-க்கு 200 லிட்டர் என்று வைத்தால் காலைப் பங்கு 70 லிட்டர், வைட்டமின் சி 14 கிராம். 500 லிட்டர் தொட்டியில் போட வேண்டாம், தனியாக ஒரு டிரம் வைத்து வால்வைத் திருப்புங்கள்.

உப்புக் கரைசல், லிட்டருக்கு: டெக்ஸ்ட்ரோஸ் 10 கிராம், கறியுப்பு 1.75, சமையல் சோடா 1.25, பொட்டாசியம் குளோரைடு 0.75. மனிதருக்கான பழைய ஓஆர்எஸ் அளவில் பாதி. வயிற்றுப்போக்கு இல்லாத பன்றிக்கு முழு அளவு தேவையில்லை. நான்கு மணி நேரம் கொடுத்துவிட்டு வெறும் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். முடிந்ததும் குழாயை ஓடவிட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரையில் பாசி படிந்து நிப்பிள் அடைத்துக்கொள்ளும்.

ஊசிக்கு முந்தின நாள் ஒவ்வொரு நிப்பிளையும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து அளந்து பாருங்கள். வளர்பன்றிக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வர வேண்டும். கால் லிட்டர் வரும் நிப்பிளில் எந்த மருந்தும் உள்ளே போகாது.

ஓட்டல்_மிச்சம்_மதுரை

நாங்கள் எல்லாம் அடர்தீவனம் வாங்குவதில்லை, ஓட்டல் மிச்சம்தான். இதையே எங்களுக்கும் சொல்லலாமா?

கால்நடை_மருத்துவர்_திருச்சி

உப்புக் கரைசல் மட்டும் உங்களுக்கு வேண்டாம். சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் கலந்த மிச்சத்தில் உப்பு ஏற்கெனவே அதிகம். தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை பன்றி அதைச் சமாளிக்கும். ஊசி நாளில் பிடிக்க வசதியாக மோட்டாரை நிறுத்தி, பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் விட்டு, மாலையில் உப்புக் கரைசலும் கொடுத்தால் உப்பு விஷம் ஏற வாய்ப்பு உண்டு. அறிகுறி: கண் தெரியாததுபோல் சுற்றும், சுவரில் தலையை அழுத்தும், நாய்போல் உட்கார்ந்து மூக்கை ஆட்டிப் பின்பக்கமாகச் சாயும், சில நிமிடத்துக்கு ஒருமுறை வலிப்பு. பார்த்தவர்கள் ‘தடுப்பூசி மூளைக்கு ஏறிவிட்டது’ என்பார்கள். அப்போது தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிட்டால் மூளை வீங்கிச் சாகும். கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணிக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும்.

மிச்சத்தைக் காய்ச்சித்தான் போட வேண்டும், 90 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் சாதாரண பன்றிக்காய்ச்சலுக்கும் பச்சை மிச்சம் பெரிய வழி. வைட்டமின்களைக் கொதியில் போட்டால் பயனில்லை. ஆறி, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு, ஒரு கிலோ தவிட்டில் கலந்து மேலே தூவிக் கிளறுங்கள். மிச்சத்தின் அளவு நாளுக்கு நாள் மாறுவதால் கிலோ தீவனக் கணக்கு உங்களுக்கு உதவாது. தலைக்கணக்கு வையுங்கள்: 28 கிலோ பன்றிக்கு நாளுக்கு வைட்டமின் ஈ 140 ஐயூ, சி 280 மில்லிகிராம்.

பிண்ணாக்கு_வியாபாரம்

எல்லாரும் சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எடுக்க வேண்டியதைப் பற்றியும் பேசலாம். மழைக்காலக் கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. அது கல்லீரலைக் கெடுத்து, தடுப்பூசிக்கு வரும் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். ஊசி போட்டும் நோய் வருகிறது என்றால் தடுப்பூசி வைத்திருந்த ஐஸ் பெட்டியைச் சந்தேகிப்பதுபோல் பிண்ணாக்கு மூட்டையையும் சந்தேகிக்க வேண்டும். மூட்டையின் நடுவில் கைவிட்டு எடுத்துப் பாருங்கள்: கட்டி பிடித்து, உடைத்தால் பச்சை மஞ்சள் தூள் தெரிந்தால் தள்ளிவிடுங்கள். ஆனால் நன்றாகத் தெரியும் பிண்ணாக்கிலும் நஞ்சு இருக்கும், சோதனைச் சாலை அறிக்கைதான் உறுதி. கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம்.

தீவனக்கலவை_ஈரோடு

ரொம்பச் சரி. ஊசிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கடலைப் பிண்ணாக்கை நிறுத்தி, அந்த 5 கிலோவைச் சோயாவிலும் தவிட்டிலும் ஈடுகட்டலாம். முடியாதவர்கள் பென்டோனைட் வகை பைண்டர் (நஞ்சை ஒட்டிப்பிடிக்கும் களிமண் தூள்) டன்னுக்கு 1 முதல் 2 கிலோ. அது அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும். மக்காச்சோளப் பூஞ்சையிலிருந்து வரும் டிஆக்சிநிவலினால் என்ற நஞ்சைப் பிடிக்காது. அந்த நஞ்சே பசியைக் கொல்லும், பிறகு பழி ஊசிமேல் விழும்.

கொட்டகை_சேலம்

இவ்வளவு எதற்கு? ஊசி போடும் முன்பே தண்ணீரில் பாராசிட்டமால் கலந்துவிட்டால் காய்ச்சலே வராதே. வெளிநாட்டில் பன்றிக்கென்றே பாராசிட்டமால் விற்கிறார்கள்.

கால்நடை_மருத்துவர்_திருச்சி

ஐரோப்பாவில் இருக்கிறது, கிலோ எடைக்கு 30 மில்லிகிராம் கணக்கில். அது சுவாச நோய்க் காய்ச்சலுக்குக் கொடுப்பது. தடுப்பூசிக்கு முன்பே கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அந்த அழற்சி எதிர்ப்புச் சக்தி உருவாகும் வேலையின் ஒரு பகுதி. 104 டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு நாள் சோர்ந்து படுப்பது விலை, அதைக் கொடுத்துத்தான் பாதுகாப்பை வாங்குகிறோம். ஆறு மாதத்தில் விற்கும் பன்றிக்கு அந்த ஒரு நாள் பெரிய நட்டமில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்து பன்றிக்காய்ச்சல் நுழைந்தால் கொட்டகையே காலி.

சாதாரண வெப்பம் 101.5 முதல் 103.5. ஊசிக்குப் பின் 105.5-ஐத் தாண்டி, தண்ணீரும் குடிக்காமல் கிடக்கும் தனிப் பன்றிக்கு மட்டும் மெலாக்சிகாம் என்ற வலி, காய்ச்சல் மருந்து, கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் தசையில், மருத்துவர் பார்த்து. டைக்ளோஃபினாக் கால்நடைக்கு 2006-லிருந்தே தடை. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-இல் தடை. எல்லாம், இந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்று சாகும் பிணந்தின்னிக் கழுகுகளுக்காக. செத்த பன்றியை வெளியில் வீசும் பழக்கம் இருக்கும்வரை இது நம் பொறுப்பும்தான், நீலகிரியை ஒட்டிய பக்கத்தில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

டெக்சாமெத்தசோன் ஊசியைத் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுவது இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியையே அடக்கும். பன்றி அன்று துள்ளிக்கொண்டு தின்னும், தடுப்பூசி வீணாகும்.

கொட்டகை_சேலம்

ஒத்துக்கொள்கிறேன் டாக்டர், ஆனால் பால்குடி மறந்த குட்டிகளில் அந்த ஒரு நாளும் பெரிசு. 8 கிலோ குட்டி ஒரு நாள் தின்னாவிட்டால் குடல் புண்ணாகிக் கழிச்சல் பிடித்துக்கொள்கிறது. பெரிய பன்றிக்குச் சொல்லும் பொறுமை அங்கே செல்லாது.

கால்நடை_மருத்துவர்_திருச்சி

அதை ஏற்கிறேன். அதற்கு விடை மாத்திரையில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. பால் மறக்கடிப்பது, விதையடிப்பது, குழு மாற்றுவது, தீவனம் மாற்றுவது, ஊசி, இவற்றில் எதுவும் ஒரே வாரத்தில் இரண்டு வரக் கூடாது. பால் மறந்து பத்து நாளாவது கழிய வேண்டும். குட்டி உலர்தீவனத்தை ஒழுங்காகத் தின்னப் பழகிய பிறகே ஊசி. தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி பன்றிக்காய்ச்சல் மருந்தை அடித்துவிடும், அதனால் ஒன்றரை மாதத்துக்கு முன் அவசரப்பட்டும் பயனில்லை.

மூன்றாம் நாள் இரும்பு ஊசி போடும் பண்ணைகளுக்கும் ஒரு வார்த்தை. தாய்ப்பன்றிக்கு வைட்டமின் ஈ குறைவாக இருந்தால் 200 மில்லிகிராம் இரும்பே குட்டிகளைச் சாகடிக்கும். சினையின் கடைசி மாதத்திலேயே தாய்த் தீவனத்தில் ஈ இருக்க வேண்டும்.

ராசிபுரம்_வெண்பன்றி

மஞ்சள், துளசி, நிலவேம்பு? அப்பா இதைத்தான் போடச் சொல்கிறார். ஈஸ்ட், புரோபயாட்டிக் பற்றியும் கேட்க வேண்டும்.

தீவனக்கலவை_ஈரோடு

மஞ்சள் கெடுதல் செய்யாது. அதன் குர்குமின் குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படும், அதனால் காய்ச்சலை அடக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். நிலவேம்பு கசப்பு. பழக்கமில்லாத ருசியைப் பன்றி முகர்ந்து பார்த்து ஒதுக்கும், ஏற்கெனவே பசி குறையும் நாளில் அதைப் போட்டால் தின்பதும் நின்றுவிடும். அப்பா சொல்வதைச் செய்வதானால் ஒரு வாரம் முன்பே சிறிதாகப் பழக்குங்கள்.

ஈஸ்ட் சுவர் பவுடர் டன்னுக்கு 1 கிலோ போடலாம், பலன் பண்ணைக்குப் பண்ணை மாறும். கையில் காசு குறைவு என்றால் முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான். புரோபயாட்டிக் போடும் வாரத்தில் தீவனத்தில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தால் அது புரோபயாட்டிக்கின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மீன் எண்ணெய் 1 சதவீதம் அழற்சியைத் தணிக்கும், ஆனால் மூன்று வாரம் கொடுத்தால்தான். விற்பனைக்கு நெருங்கிய பன்றிக்குக் கொடுத்தால் கறியில் மீன் வாடை வரும்.

சினைப்பன்றி_தர்மபுரி

தாய்ப்பன்றிகளுக்கும் இதே கணக்கா?

கால்நடை_மருத்துவர்_திருச்சி

தாய்க்கு நாள்தான் முக்கியம். இணைசேர்த்த முதல் நான்கு வாரமும் ஈனுவதற்கு முந்தின மூன்று வாரமும் ஊசி வேண்டாம். முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல் வந்தால் கரு கரைந்து மறுபடி பருவத்துக்கு வரும். குட்டி பிரித்த பிறகு, இணை சேர்க்கும் முன் போடுவது வசதி. பொலிப்பன்றிக்குக் காய்ச்சல் வந்தால் விந்துத் தரம் ஐந்தாறு வாரம்வரை இறங்கும், இனச்சேர்க்கைக் கணக்கை அதற்கேற்ப வையுங்கள். சேர்மானத்தில் வைட்டமின் ஈ-யும் பீட்டைனும் அப்படியே பொருந்தும்.

எல்லாருக்கும் பொதுவாக: காலை ஏழுக்குள் அல்லது சூரியன் சாய்ந்த பிறகு. வயிறு முட்டத் தின்ற உடனே பிடிக்காதீர்கள், வாந்தி எடுக்கும். பலகையால் மூலைக்கு ஒதுக்கி, நெருக்கி நிற்கவைத்துப் போட்டால் துரத்தல் இல்லை. காதின் பின்னே, முடி குறைந்த தோல் தொடங்கும் இடத்தில் கழுத்துத் தசையில். 28 கிலோவுக்கு 18 கேஜ், ஒரு அங்குலம். குட்டை ஊசி கொழுப்பிலேயே நின்று கட்டியாகும். எண்ணெய்க் கோமாரி மருந்தைப் போடும் முன் ஐஸிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், வலி குறையும். உயிருள்ள வைரஸைக் கொண்ட பன்றிக்காய்ச்சல் மருந்துக்கு இது நேர்மாறு: கரைத்த பிறகும் ஐஸ்மேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அட்ரினலின் கையில் இருக்கட்டும். போட்ட அரை மணிக்குள் மூச்சு வாங்கி நீலமாகி விழுவது ஒவ்வாமை, எந்தத் தீவனமும் அதைத் தடுக்காது. அட்ரினலின் அளவு: 50 கிலோவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கரைசல் அரை முதல் ஒரு மில்லி, தசையில்.

ராசிபுரம்_வெண்பன்றி

மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் பவுடரை நீட்டிக்கலாமா?

கால்நடை_மருத்துவர்_திருச்சி

கூடாது. 48 மணி கடந்தும் 105-க்கு மேல் நின்றால், அல்லது முதலில் ஒன்றிரண்டு, பிறகு பக்கத்து அறை என்று பரவினால், அது தடுப்பூசிக் காய்ச்சல் என்று எண்ணாதீர்கள். காது, வயிறு, கால் இடுக்கில் சிவப்பும் ஊதாவும் தெரிகிறதா பாருங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் நுழைந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் வந்தது. நம் நாட்டில் அதற்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை. ஒரு பன்றிக்குப் போட்ட ஊசியை அடுத்ததற்குப் போட்டால், நோய் தொற்றியும் இன்னும் அறிகுறி தெரியாத ஒரே ஒரு பன்றியிலிருந்து கொட்டகை முழுக்கப் போய்விடும். குறைந்தது அறைக்கொரு ஊசி, தாய்ப்பன்றிக்கு ஆளுக்கொன்று.

அப்படிச் சந்தேகம் வந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். விற்காதீர்கள், அறுக்காதீர்கள், இறந்ததை மருத்துவர் வரும்வரை திறக்காதீர்கள். ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், நாளுக்கு இரண்டு தடவை எடுத்த வெப்பநிலை, அன்றன்று தொட்டியில் மிஞ்சிய தீவனத்தின் எடை, இந்த நான்கையும் எழுதி வைத்திருந்தால் வருகிற மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ராசிபுரம்_வெண்பன்றி

நோட்டு போட்டுவிடுகிறேன் டாக்டர். அண்ணா, லைசினும் வைட்டமின் ஈ-யும் இன்று வாங்குகிறேன், கடலைப் பிண்ணாக்கு இன்றிலிருந்து நிறுத்தம். அந்த 5 கிலோவில் சோயாவுக்கு எவ்வளவு, தவிட்டுக்கு எவ்வளவு?

தீவனக்கலவை_ஈரோடு

சோயா 4, தவிடு 1. சோயா 26 ஆவதால் லைசின் ஹைட்ரோகுளோரைடை 200-இலிருந்து 150 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள் தம்பி. கலவையை ஒரே நாளில் மாற்றாமல் மூன்று நாளில், பழையதில் புதியதை ஏற்றி ஏற்றிக் கொடுங்கள்.